சட்டை கழற்றும் உயரம்

ஃபேன் கடைக்காரர் பிடிவாதம் பிடித்த மனிதர். கூரை எட்டடிக்குக் குறைவு என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், கையிலிருக்கும் பட்டியலை மூடி வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். “வீட்டுலயே உயரமான ஆள் யாரு? அவரைக் கூட்டிட்டு வாங்க.”

கூட்டிக்கொண்டு வந்தால் சும்மா விடமாட்டார். கடையின் நடுவில் இரண்டு இரும்புக் கம்பங்களுக்கிடையே ஒரு மரச்சட்டத்தை ஏற்றி இறக்கும்படி மாட்டி வைத்திருந்தார். அந்த உயரமான ஆள் அதன் கீழே நின்று, போட்டிருக்காத ஒரு பனியனைத் தலைவழியாகக் கழற்றிக் காட்டவேண்டும். நடுத்தெருவைப் பார்த்த கடையில், பத்துப் பேர் பார்க்க, வெறுங்காற்றைக் கழற்றிக் காட்ட எந்த மனிதனுக்குத்தான் பிடிக்கும்? பாதிப் பேர் முறைத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். போகட்டும் என்று அவரும் விட்டுவிடுவார்.

அன்று அவர் எதிரில் நின்றவள் நாலடி பதினொன்று. பக்கத்து ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். இருபத்தெட்டு வருடமாக ஒரு நாளைக்கு அறுபது தடவை “மூச்சை நல்லா இழுங்க, அப்படியே பிடிங்க, ம், விடலாம்” என்று சொல்லிச் சொல்லி, அவளுக்கு மூச்சக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. டாக்டர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

“உயரமான ஆள் ஊர்ல இல்ல. ஞாயித்துக்கிழமைதான் வர்றான். அதுக்குள்ள ஃபேன் ஓடணும்” என்றாள்.

“அப்போ ஞாயித்துக்கிழமை அவரோட வாங்கம்மா.”

“வந்து நிக்கறப்போ ஃபேன் இல்லாம இருந்தா நல்லாவா இருக்கும்? என் தம்பி சார். ஆறடி ரெண்டு. நான் சொன்னா அரை இன்ச்கூட மாறாது.”

இது வெறும் வாய்ச்சவடால் இல்லை. நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க, படம் பதியும் தட்டை ஆளின் தாடைக்கு ஏற்ற உயரத்தில் வைக்கவேண்டும். மற்றவர்கள் நோயாளியை நிற்கவைத்து, தட்டை ஏற்றி இறக்கி, மறுபடி ஏற்றுவார்கள். மூச்சக்கா அவர் கதவைத் தாண்டி உள்ளே வரும்போதே ஒரு பார்வை பார்த்துத் தட்டை நிறுத்திவிடுவாள். அவர் வந்து நின்றால் தாடை அளவெடுத்ததுபோல் அதன்மேல் உட்காரும். நர்சுகள் இதில் டீ பந்தயம் கட்டித் தோற்றிருக்கிறார்கள்.

“என்ன உயரம்மா உங்க கூரை?”

“ஏழடி பத்து.”

கடைக்காரர் முகம் மாறியது. வீட்டில் இழவு விழுந்ததைக் கேட்டவர்போல “ஐயோ” என்றார்.

அந்த வீடு மூன்றாவது மாடி. கீழ் இரண்டு மாடிகளையும் தாராளமாகக் கட்டிய வீட்டுக்காரர், மேலே வரும்போது கை சுருங்கி, செங்கல் தீர்ந்த இடத்தில் கூரையைப் போட்டுவிட்டார். மூச்சக்காவுக்கு அதில் ஒரு குறையும் தெரிந்ததில்லை. அவளுக்கு அது அரண்மனை. பதினோரு வருடத்துக்கு முன்னால், மனைவியை இழந்த தம்பி ஒரு பையோடு வந்து நின்றபோதுதான் கூரை இருப்பதே அவள் கண்ணில் பட்டது.

தம்பி பஸ் கண்டக்டர். நெட்டை என்பது அக்கா வைத்த பெயர், டிப்போ வரைக்கும் பரவியிருந்தது. பஸ்ஸில் கழுத்தை ஒடித்துக்கொண்டு நின்றவன் வீட்டிலும் அப்படியே நின்றான். நாலு மாதம் இருந்தான். ஒருநாள் மத்தியானம் வேலை முடிந்து வந்து, ஃபேனைப் போட்டுவிட்டு, வேர்த்து ஒட்டிய பனியனைத் தலைவழியாக இழுத்தபோது இரண்டு விரல்கள் இறக்கையில் சிக்கின. நாலு தையல். மூச்சக்கா டூட்டி முடிந்து வந்து கதவைத் திறந்தால் சுவரெல்லாம் ரத்தத் துளி, ஃபேன் இறக்கை கோணிக்கொண்டு நிற்கிறது, இவன் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு குற்றவாளிபோல உட்கார்ந்திருக்கிறான்.

வலிக்கிறதா என்று அவள் கேட்கவில்லை. “உனக்காக நான் இன்னும் என்னென்னத்தை மாத்தணும்? நீ போயிடேன்” என்றாள்.

வாய் தவறி வந்த வார்த்தை என்று பின்னால் சொல்லிக்கொள்ள முயன்றாள். முடியவில்லை. அன்றைக்கு அதை மனசார நினைத்துத்தான் சொன்னாள். நாலு மாதமாக டம்ளர் வைத்த இடத்தில் இல்லை, ரேடியோ வேண்டிய சத்தத்தில் இல்லை, கண்ணாடி அவள் முகத்துக்கு இல்லாமல் அவன் முகத்துக்கு ஏறியிருந்தது. அவளுக்குத் தன் வீடு திரும்ப வேண்டும்போல இருந்தது. மறுநாள் காலையில் அவன் கட்டுப் போட்ட கையோடு பையை எடுத்துக்கொண்டு போனான். வீடு திரும்பக் கிடைத்தது. வைத்த டம்ளர் வைத்த இடத்தில் இருந்தது. பதினோரு வருடம் இருந்தது.

நடுவில் போன் இருந்தது, இல்லை என்று சொல்லமுடியாது. வருடத்துக்கு நாலைந்து தடவை, நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன், மழையா, இல்ல வெயில். அவ்வளவுதான். போன வாரம் மட்டும் வேறு மாதிரி பேசினான். “ரிட்டையர் ஆயிட்டேன்க்கா. ஒரு ரெண்டு நாள் வந்து இருந்துட்டுப் போகட்டுமா?”

போகட்டுமா என்று அவன் அனுமதி கேட்டது அவளைச் சுருக்கென்று தைத்தது. வா என்றாள். போனை வைத்ததும் அவள் மனசு கணக்குப் போட்டது. ரெண்டு நாள் பத்து நாளாகும். பத்து நாள் இருந்தவன் இருந்துவிடுவான். அவனுக்கும் யாரும் இல்லை, அவளுக்கும் யாரும் இல்லை. இரண்டு பேருக்கும் குறுக்கே நிற்பது அந்த ஃபேன் ஒன்றுதான். கோணின ஃபேனை அவள் அப்போதே கழற்றிப் போட்டுவிட்டாள். முன் அறைக் கூரையில் வெறும் கொக்கி மட்டும் இருந்தது. வெயில் காலத்தில் அந்த அறையைச் சாத்திவிட்டு, உள் அறையில் ஒரு மேஜை ஃபேனோடு பொழுதை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

“சுவர்ல மாட்டற ஃபேன் போட்டுட்டுப் போயிடலாமேம்மா. தலைவலியே இல்ல” என்றார் கடைக்காரர்.

“முப்பது வருஷமா பஸ் ஜன்னல் காத்து வாங்கினவன் சார். பக்கத்துலேர்ந்து காத்து அடிச்சா அவனுக்குக் காது அடைச்சுக்கும். மேலேர்ந்து வந்தாத்தான் தூங்குவான்.”

“சரி. அவர் சார்பா நீங்க கழட்டிக் காட்டுவீங்களா?” அவர் விளையாட்டாகத்தான் கேட்டார்.

“ஒண்ணேகால் அடி ஸ்டூல் இருக்கா?” என்றாள் மூச்சக்கா.

இருந்தது. அறுபத்தொரு வயதில், கடையில் இருந்த மிக்சி வாங்க வந்த தம்பதி வேடிக்கை பார்க்க, மூச்சக்கா செருப்பைக் கழற்றிவிட்டு ஸ்டூல்மேல் ஏறி நின்றாள். இப்போது அவள் ஆறடி இரண்டு. கடைக்காரர் சட்டத்தைத் தலைக்கு மேல் கொண்டுவந்தார். அவள் இரண்டு கைகளையும் குறுக்காக இடுப்புக்குக் கொண்டுபோய், இல்லாத பனியனின் ஓரத்தைப் பிடித்து மேலே இழுத்தாள். முழங்கை சட்டத்தில் முட்டியது.

“இதுதான்மா நான் சொல்றது” என்றார் அவர் உற்சாகமாக. “கையை நீட்டினா எந்த ஃபேனும் இடிக்கும். ஆனா நீட்டற கைக்குக் கண்ணு துணைக்கு இருக்கு. சட்டை கழட்டறப்போதான் முகத்தை மூடிக்கிட்டு ரெண்டு முழங்கையையும் தூக்கறோம். அந்த ரெண்டு செகண்டு மேல என்ன இருக்குன்னே தெரியாது. உங்க கை வேற குட்டை. அவர் கைக்கு இன்னும் நாலு இன்ச் சேர்த்துக்கணும்.”

அவர் சொன்னது அவள் காதில் பாதிதான் விழுந்தது. மேலேயிருந்து பார்த்தால் கடையே வேறாக இருந்தது. அட்டைப் பெட்டிகளின் மேல்முகமெல்லாம் தூசி. அலமாரி உச்சியில் யாரோ குடித்துவிட்டு மறந்த கப். கடைக்காரரின் உச்சந்தலையில் சின்ன வழுக்கை, பாவம், அவருக்கே தெரிந்திருக்காது. நெட்டை இப்படித்தான் உலகத்தைப் பார்த்தானா?

அவன் போன மறுவாரம், கோணின ஃபேனைக் கழற்ற வந்த ஆள் துணி கேட்க, அவள் நாற்காலியில் ஏறி பீரோ உச்சியில் கைவிட்டாள். பழைய துணியைக் கீழிருந்தே அங்கே எறிந்து வைப்பது வழக்கம். கை விட்டபோது உச்சி வழவழவென்று இருந்தது, ஒரு பொட்டுத் தூசி இல்லை. அவள் பிறந்ததிலிருந்து பீரோ உச்சியைத் துடைத்ததில்லை. எட்டினால்தானே துடைக்க? நாலு மாதமாக அவன் துடைத்திருக்கிறான், ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது ஸ்டூல்மேல் நிற்கும்போது அது நினைவுக்கு வந்தது.

“இறங்குங்கம்மா, விழுந்துடப் போறீங்க” என்றார் கடைக்காரர்.

சட்டம் ஏழடி ஒன்றில் நின்றது. அதற்கு மேலே இறக்கை சுற்றவேண்டும். நீளத் தண்டு உள்ளதெல்லாம் கழிந்துபோயிற்று, தண்டை வெட்டிக் குறைத்தாலும் தேறவில்லை. மிஞ்சியது ஒன்றுதான். கூரையோடு ஒட்டிக்கொள்ளும் ஃபேன். தண்டே கிடையாது, இறக்கையும் குட்டை.

“ஒண்ணு சொல்லிடறேன். இதுல காத்து கம்மிதான் வரும்” என்றார். “இறக்கைக்கு மேல கொஞ்சம் இடம் வேணும்மா. மேலேர்ந்து காத்தை இழுத்துத்தான் கீழ தள்ளும். கூரையோட ஒட்டிட்டா எதை இழுக்கும்? ஃபேனும் மூச்சு விடணும் இல்லையா?”

“பரவாயில்ல. அவன் தலை நிமிர்ந்து நிக்கணும். அதான் வேணும்.”

“வீட்டுல வேற யாரு இருக்காங்க?”

“நான் மட்டும்தான்.”

கடைக்காரர் பில் புத்தகத்தை எடுத்தார். மாட்டுவதற்கு வெள்ளிக்கிழமையே ஆள் அனுப்புவதாகச் சொன்னார்.

சொன்னபடி ஆள் வந்தான், மாட்டினான், போனான். மூச்சக்கா முழு வேகத்தில் வைத்துவிட்டு அதன் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். சத்தம் வந்தது. காற்று வந்ததா என்றால், நெற்றியில் இரண்டு முடி அசைந்தது. இதுக்கே இவ்வளவு வேகமா என்று அதைத் திட்டினாள். பிறகு சமாதானமாகிவிட்டாள். கண்ணாடியை எடுத்து ஒரு அடி உயர்த்தி ஆணி அடித்தாள். இனிமேல் அதில் அவளுக்குத் தன் உச்சிவகிடு மட்டும் தெரியும். அதனால் என்ன, இத்தனை வருடம் முழு முகத்தையும் பார்த்து என்ன கண்டாள்?

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குக் கீழே தெருக்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவள் வாசலில் வந்து நின்றுகொண்டாள். படியில் செருப்புச் சத்தம், ஒவ்வொன்றாக. முதல் திருப்பத்தில் நின்றது. பையைக் கீழே வைக்கும் சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி செருப்பு. மறுபடி நின்றது. யாரோ வயசானவர் இரண்டாவது மாடிக்கு வருகிறார் என்று நினைத்தாள். அந்தச் சத்தம் இரண்டாவது மாடியைத் தாண்டி மேலே வரத் தொடங்கியபோதுதான் அது யார் என்று அவளுக்குப் புரிந்தது. இறங்கி ஓடினாள்.

நெட்டை கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரு காலை வைத்து, மற்றதை அதே படிக்கு இழுத்து வைத்து ஏறிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து அக்காவைப் பார்த்துச் சிரிக்க முயன்றான். கழுத்து பாதி தூரம்தான் வந்தது.

அவள் கண் அவளைக் கேட்காமல் அளந்துவிட்டது. ஐந்தடி பத்தரை. முதுகின் மேல்பாதி வளைந்து முன்னால் தள்ளியிருந்தது. முப்பது வருடம் தாழ்ந்த பஸ் கூரைக்குக் கீழே கழுத்தை ஒடித்து நின்றவனின் எலும்பு எப்படியிருக்கும் என்று படம் எடுத்துப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது. தினமும் அறுபது முதுகைப் பார்த்தவள், வயசு ஒவ்வொரு ஆளிடமிருந்தும் ஒன்றிரண்டு இன்ச்சைக் கழித்துக்கொள்வதைக் கண்ணால் பார்த்தவள், தம்பியை மட்டும் பதினோரு வருடமாக ஆறடி இரண்டிலேயே நிறுத்தி வைத்திருந்தாள். அவனும் கிழவனாவான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

வீட்டு வாசலில் அவன் தலையைக் குனிந்தான். குனிய வேண்டிய தேவையே இல்லை, நிலைக்கும் தலைக்கும் நடுவில் நல்ல இடைவெளி இருந்தது. பழக்கம்.

முன் அறையில் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். அவள் தண்ணீர் கொடுத்துவிட்டு ஃபேனைப் போட்டாள்.

கொஞ்ச நேரம் பொறுத்து “ஃபேன் ஓடுதாக்கா?” என்றான்.

“ஓடுதுடா, சத்தம் கேக்கலையா?”

“சத்தம் கேக்குது.” அவன் உடம்பைப் பின்னால் சாய்த்து மேலே பார்த்தான். கூரையோடு ஒட்டியிருந்ததைப் பார்த்தான். பிறகு கண்ணாடி ஏறியிருப்பதையும் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. “எனக்காகவா?”

“பின்ன, நான் போய் இடிச்சுக்கப் போறேனா?”

அவன் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து, ஒரு தோளை அசைக்காமல், மற்றதால் சட்டையை வழித்துக் கழற்றினான். உள்ளே பனியன் இல்லை. “பனியனை விட்டு ஆறு வருஷம் ஆச்சுக்கா. தோள்பட்டைக்கு மேல கை போகாது. மேல் கம்பியைப் பிடிச்சே நின்னோம் இல்ல, இப்போ அந்தக் கை அந்தக் கம்பி உயரத்துக்கே போக மாட்டேங்குது.”

மூச்சக்கா அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கே ஒன்றும் வேலை இல்லை. வெந்த சோற்றை இன்னொரு தடவை கிளறினாள்.

சாப்பிட உட்கார்ந்தபோது அவள் சொல்லிவிட்டாள். பதினோரு வருடம் அடக்கி வைத்ததைச் சொல்ல நல்ல வார்த்தை எதுவும் கிடைக்கவில்லை. “அன்னைக்கு உன்னைப் போகச் சொன்னது தப்புடா. நினைச்சுத்தான் சொன்னேன், அதான் தப்பு. இங்கேயே இருந்துடு. எனக்குத் தனியா இருக்க முடியல.”

அவன் கை சோற்றில் நின்றது. “எனக்குக் கோபம் இருந்துச்சுக்கா. ஒரு நாலு வருஷம் நல்லாவே இருந்துச்சு. அப்புறம் எங்கயோ இறங்கிப் போயிடுச்சு. நான் கவனிக்கல.”

“அப்போ இரு.”

“ஐம்பத்துநாலு படி” என்றான் அவன். “ஏறும்போதே எண்ணிட்டேன், தொழில் புத்தி. இங்க இருந்தா நான் கீழ இறங்கவே மாட்டேன். ஒரு டீ குடிக்க, ஒரு பேப்பர் வாங்க, எதுக்கும் இறங்கமாட்டேன். நீ காலையில ஆஸ்பத்திரிக்குப் போயிடுவ. நான் இந்தக் கூரையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். டிப்போ பக்கத்துல நம்ம டிரைவர் ஒருத்தர் வீட்டுப் பின்கட்டுல ஒரு அறை குடுத்திருக்கார். தரையோட இருக்கு. பஸ் போற வர்ற சத்தம் கேக்கும்.”

அவன் தலைக்கு மேல் என்ன இருக்கவேண்டும் என்று அவள் இன்ச் இன்ச்சாக யோசித்திருந்தாள். காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. தினமும் இரண்டு தடவை தானே ஏறி இறங்கும் படிகள், அவற்றை அவள் ஒருநாளும் எண்ணியதில்லை.

இரண்டு நாளும் அவன் வீட்டைவிட்டு இறங்கவில்லை. பழைய கதை பேசினார்கள், சிரிக்கவும் சிரித்தார்கள். மத்தியானத்தில் வேர்த்து வழிய அவன் அந்த ஃபேனுக்குக் கீழே படுத்துக்கொண்டு, நல்ல காத்துக்கா என்று ஒரு பொய் சொன்னான். மேஜை ஃபேனைக் கொண்டுவருகிறேன் என்றால் வேண்டாம், காது அடைக்கும் என்றான். மூன்றாம் நாள் காலை அவள் ஆஸ்பத்திரிக்கு லீவு சொல்லிவிட்டு அவன் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் இறங்கினாள். அவன் பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக வந்தான். பஸ் வந்ததும் கண்டக்டர் இவனை அடையாளம் கண்டு கைகொடுத்து ஏற்றிக்கொண்டார். பஸ்ஸுக்குள் போனதும் நெட்டை குனிந்தபடியே ஜன்னல் வழியாக அவளைத் தேடிக் கையை அசைத்தான். கை மார்பு உயரம்வரை வந்தது.

அவள் மேலே ஏறி வந்தாள். எண்ணிக்கொண்டே ஏறினாள். ஐம்பத்துநாலுதான். அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்து ஃபேனைப் போட்டாள். டம்ளர் ஜன்னல் ஓரத்தில், அவன் வைத்த இடத்தில் இருந்தது. அதை எடுத்து அதன் இடத்தில் வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. வீடு இவ்வளவு பெரியதாக என்றைக்கும் இருந்ததில்லை. அழுதாள், யாரும் இல்லாததால் சத்தமாகவே அழுதாள்.

மூன்று வாரம் கழித்து மறுபடி ஃபேன் கடைக்குப் போனாள். கடைக்காரர் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

“காத்து வரலன்னு திட்ட வந்திருக்கீங்க. நான் அன்னைக்கே சொன்னேனே!”

“அதைக் கழட்டணும் சார். வீடு மாத்தறேன். கீழ் வீடு.”

“அப்பாடா. கூரை உயரம் எவ்வளவு?”

“அதைப் பார்க்கல” என்றாள் மூச்சக்கா. “படி ரெண்டு. அந்த ரெண்டுக்கும் கைப்பிடி வைக்கச் சொல்லியிருக்கேன். டிப்போலேர்ந்து நடந்து வர்ற தூரம், வாசல்ல டீக்கடை. எனக்குத்தான் ஆஸ்பத்திரிக்கு ரெண்டு பஸ் மாறணும்.”

“அப்போ உங்க தம்பி உங்களோடவே வந்துடறாரா? நல்ல சேதி.”

“இன்னும் கேக்கல. முதல்ல நான் போய் இருக்கேன். அப்புறம் கேக்கறேன். வருவானோ, மாட்டானோ.” அவள் ஸ்டூலைத் தேடி எடுத்து உட்கார்ந்துகொண்டாள். “நல்லா காத்து வர்ற ஃபேனா காட்டுங்க. நீளத் தண்டு இருந்தாலும் பரவாயில்ல.”

கடைக்காரர் பட்டியலைத் திறக்கப் போனவர், கை நின்று, அவளைப் பார்த்தார். வழக்கமான கேள்வி அவர் வாய்வரை வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், பழக்கம் விடவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

“வீட்டுலயே உயரமான ஆள் யாரும்மா?”

மூச்சக்கா கம்பங்களுக்கு நடுவில் தொங்கிய சட்டத்தை ஒருமுறை பார்த்தாள். அது ஏதோ ஒரு நெட்டை மனிதருக்காக உயர ஏற்றப்பட்டு அப்படியே நின்றிருந்தது.

“இப்போதைக்கு நான்தான் சார்” என்றாள்.